வலது கீழ் மூலையில் தேதி போட்டுவிட்டேன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரிக்கரைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து படம் வரையும் தம்பி, தங்கைகளுக்கு,



ஏரிப் படங்கள் முடிந்துவிட்டன என்று நான் சொன்னதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ‘எக்ஸிபிஷன் எப்போ சார்?’ ‘அடுத்து என்ன சார்?’ இன்னொரு கேள்வியை நேரே கேட்காமல் சுற்றி வளைத்தீர்கள். ஏரி அங்கேயேதான் இருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, இறங்குகிறது, இந்த மனுஷன் மட்டும் முடிந்துவிட்டது என்கிறாரே, எப்படி? டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி பதில் சொல்லிவிடுகிற விஷயமாக எனக்கு இது படவில்லை. அதனால்தான் கடிதம். உங்களில் சிலர் இப்போதுதான் நீண்ட வேலை ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். திருமுல்லைவாயல் கோயில் தூண்கள், சி.டி.எச். ரோட்டுப் பழைய கம்பெனி வாசல்கள், ஆவடி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள். உங்களுக்கு இது இன்றைக்கே உதவலாம்.

என் உத்தியோக காலம் முழுக்க அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் போனது என்பது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய டிராயிங் ஆபீஸ். சாய்வான போர்டு, மினி டிராஃப்டர், ட்ரேசிங் பேப்பர், ராட்ரிங் பேனா. தப்பாக விழுந்த கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுப்போம். ட்ரேசிங் முடிந்தால் அம்மோனியா பிரிண்ட்டுக்குப் போகும். அந்த நெடி மத்தியானச் சாப்பாட்டிலும் கூடவே வந்து உட்காரும். ஷீட்டின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர், ஸ்கேல், தேதி. மூன்று கையெழுத்தும் விழுந்து சீல் குத்திவிட்டால் ஷீட் இஷ்யூ ஆகிவிட்டது. ஷாப்புக்கு, அதாவது பட்டறைக்குப் போய்விடும். அதற்கப்புறம் அதில் கை வைக்க வரைந்தவனுக்கே உரிமை கிடையாது. ஒரு போல்ட் ஓட்டையின் அளவு மாறினாலும் ரிவிஷன் போட வேண்டும். மாறிய இடத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ‘ஏ’ என்று எழுத்து, ஓரத்துப் பட்டியலில் என்ன மாறியது, யார் மாற்றியது, தேதி. அடுத்த மாற்றத்துக்கு ‘பி’.

அந்த ஷீட் அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. வெல்டர் அதைத் தரையில் விரித்து, மூலைக்கு ஒரு நட்டை வைத்து, பார்த்து வேலை செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி. படைப்பு என்றைக்குமே முடிவதில்லை என்று கலைஞர்கள் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆபீஸில் அப்படி யாராவது பேசியிருந்தால் அந்த மாதச் சம்பளம் வந்திருக்காது.

ஏரிப் படங்களையும் நான் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்கினேன். ஓய்வு பெற்ற புதிதில் அம்பத்தூர் ஏரிக்கரையில் நடக்கப் போவேன். முதலில் என்னை நிறுத்தியது தண்ணீரோ பறவையோ இல்லை, மதகு. திருகுக் கம்பி, அதைச் சுற்றும் சக்கரம், கீழே துருவேறிய பலகை. இரும்பைப் பார்த்தால் கண் நின்றுவிடும், தொழில் அப்படி. அதை முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம் என்று எஸ்டேட் பாணியிலேயே வரைந்தேன். வரைந்து முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த மதகு திறந்தால் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வயல் எங்கே? மதகுக்கு எதிரே மாடி வீடுகள் நின்றன. பாசனத்துக்கு என்று வெட்டிய ஏரிகள் இவை. ஆயக்கட்டு மனைகளாகிப் போன பிறகு மதகு மட்டும் வேலையில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-ல் டன்லப், அறுபதுகளில் தொழிற்பேட்டை என்று வந்து எங்களுக்கெல்லாம் சோறு போட்ட ஊர் இது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோற்றுக்கு முந்தைய சோறு எந்த வழியாக வந்தது என்று வரைந்து வைக்கலாம் என்று தோன்றியது.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. வேலை எங்கே முடியும் என்பதை நான் முதல் வருஷமே எழுதி வைத்துவிட்டேன். எல்லையை என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இன்றைக்கும் வரைந்துகொண்டிருப்பேன். அல்லது மூன்றாவது வருஷமே சலித்துப்போய் விட்டிருப்பேன். தண்ணீரையே எல்லையாக வைத்துக்கொண்டேன். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. ஒரு கரையில் தொடங்கினால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதுவரைக்கும் போவது, அதற்கு அப்பால் ஒரு அடியும் வைப்பதில்லை. மேற்கே ஆவடிக்கு விளிஞ்சியம்பாக்கமும் பருத்திப்பட்டும். தெற்கே அயப்பாக்கம், அயனம்பாக்கம். பூந்தமல்லிக்குச் செம்பரம்பாக்கம். போரூர் ஏரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் பல வருஷம் நச்சரித்தார். அழகான ஏரிதான், ஆனால் பட்டியலில் இல்லை.

ஒவ்வொரு ஏரிக்கும் மூன்று ஷீட். நிறைந்தது, பாதி, வறண்டது. கரை, மதகு, உபரி வழியும் கலங்கல், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் நான்கும் அதில் இருக்க வேண்டும். ஷீட் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் முதலிலேயே பதிவாகிவிட்டது. படம் பின்னால் வரும், நம்பர் முன்னால். டிராயிங் ஆபீஸ் ரெஜிஸ்டர் அப்படித்தான். பெரிய வேலை தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உபாயம் இந்த நோட்டுதான். காலியாக இருக்கிற நம்பர் நம்மைத் தூங்க விடாது. நிரம்பிய பிறகு புது நம்பர் எழுத மனசு வந்தாலும், அந்தப் பட்டியலைப் போட்டவன் வேறு ஒரு ஆள், அவன் பேச்சை மீற வேண்டாம் என்று கை தயங்கும்.

ஆனால் ஏரி நம் பட்டியலைப் படித்துவிட்டு நடந்துகொள்ளாது. செம்பரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் ‘நிறைந்தது’ ஷீட்டுக்காக நான் காத்திருந்த சமயத்தில்தான் 2015 டிசம்பர் வந்தது. 1-ம் தேதி இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வாரம் கழித்துப் போய் 19 கண் மதகுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பேனாவைத் திறக்க முடியவில்லை. அந்த ஷட்டர்களின் அளவும் அமைப்பும் என் தொழில் கண்ணுக்கு விருந்து. அதே ஷட்டர்களைத் தாண்டிப் போன தண்ணீரில் மூழ்கின வீடுகளுக்கும் அந்த விருந்துக்கும் நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த வருஷம் அந்த ஷீட்டை நான் வரையவில்லை. பின்னால் ஒரு நல்ல மழை வருஷத்தில், ஏரி அமைதியாக நிறைந்து கிடந்த தை மாதத்தில்தான் வரைந்தேன்.

அந்த வெள்ளத்துக்கு நான்கு வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் எல்லாம் தரை தட்டி, ஹோட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தின ஜூன் மாதம் அது. ‘வறண்டது’ ஷீட்டுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று உள்ளே ஒருவன் குதூகலித்தான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன்தான் படத்தை வரைந்தான். நீண்ட நாள் வேலை எடுத்தவர்களுக்கு இந்த ஆள் கூடவே வருவான், தயாராக இருங்கள். ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது அவனுக்கு வெடிப்பின் கோணம்தான் தெரியும்.

பருத்திப்பட்டு வேறு மாதிரி சிக்கல் கொடுத்தது. ஆவடியின் கழிவுநீர் சேர்ந்துகொண்டிருந்த ஏரியைத் தூர்வாரி, நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல காரியம், நாரைகளும் நீர்க்காகங்களும் வருகின்றன. எனக்குத்தான் ஒரு ஷீட் போய்விட்டது. இனி அது வறண்டு கிடப்பதைப் பார்க்க நான் காத்திருப்பதாவது? அந்த நம்பருக்கு எதிரே ‘ரத்து’ என்று எழுதித் தேதி போட்டேன். ரத்தான நம்பரை வேறு ஷீட்டுக்குக் கொடுப்பதும் வழக்கமில்லை. ஷீட் கட்டுக்குள் ஒரு இடம் காலியாகவே இருக்கும். உங்களில் ஒருவர் அந்த இடத்தில் பறவைப் படம் ஒன்றைச் செருகலாமே என்றீர்கள். வேண்டாம்.

கடைசியாக நின்றது கொரட்டூரின் ‘பாதி’ ஷீட். சுமார் 590 ஏக்கர் ஏரி, ரயிலில் போகும்போதே எட்டிப் பார்க்கலாம். அதில் பாதித் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. ஆகாயத்தாமரை மூடிய ஏரியை வரைவது சுலபம். இலையை இலையாகப் போட்டுக்கொண்டே போனால் காகிதம் நிரம்பிவிடும், பார்க்கிறவர்களும் கை தட்டுவார்கள். தண்ணீரை வரைவது அப்படி இல்லை. பேனாக்காரனுக்குத் தண்ணீர் என்பது கோடு போடாமல் விட்ட காகிதம்தான். எங்கே விடுகிறோம், எங்கே இரண்டு கோடு படுக்கப் போட்டு நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாமே. அந்த ஏரிக்குள் கழிவுநீர் வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் ஒரு மக்கள் இயக்கமாகச் சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். அவர்கள் போராட்டத்துக்கு முன்னால் என் காத்திருப்பு ஒன்றுமே இல்லை. பச்சை விலகித் தண்ணீர் தெரிந்த ஒரு மாதத்தில் உட்கார்ந்து முடித்தேன். டைட்டில் பிளாக்கில் தேதி போட்டேன். நோட்டில் காலி நம்பர் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது.

இதில் கலைக்கு என்ன இருக்கிறது, கிளார்க் வேலை மாதிரி இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்குச் ‘சிற்பி’யைச் சொல்வேன். பி.எம். சீனிவாசன், 1919-ல் நாமக்கல்லில் பிறந்தவர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை தூண்டித்தான் எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு வந்தார். நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அந்தக் கோடியில் இன்றைக்கும் இருக்கிறதே, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது, அதே பள்ளிதான். டி.பி. ராய் சவுத்ரி அங்கே முதல்வராக இருந்த காலம். பிறகு ஆனந்த விகடன். ‘சிற்பி’ என்று பெயர் வைத்தவர் விகடன் ஓவியர் மாலி. நாற்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கும் மேலாக ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று கோயில் சிற்பங்களை அவர் வரைந்தார், எழுத்தாளர் தேவன் விளக்கம் எழுதினார். கோயிலுக்குள் நேரில் உட்கார்ந்து, கல்லைப் பார்த்து வரைந்தவை. எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமும் உள்ள மண்டபத்தில், வெளிச்சம் வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மேகலையின் மணியை எண்ணி எண்ணிப் போட்டவர்.

எனக்கு அவரிடம் பிடித்தது நுணுக்கம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் கோயில் தீருமா? தீராத விஷயத்தை எடுத்துக்கொண்ட மனுஷர், ஒவ்வொரு படத்தையும் பத்திரிகையின் கெடுவுக்குள் முடித்துக் கையை விட்டு அனுப்பினார். அச்சுக்குப் போன படத்தைத் திரும்ப வாங்கி இன்னொரு கோடு போட முடியாது. அனுப்பி அனுப்பித்தான் அந்தக் கை அப்படி ஆனது என்று நான் நம்புகிறேன். காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல் கே.எம். ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டுச் சித்திரங்களாக வரைந்ததும் இதே வழிதான். நூறு என்று வைத்துக்கொண்டதால்தான் காந்தி அகப்பட்டார்.

இன்னொருவரை இரண்டு பத்தியாவது சொல்ல வேண்டும். மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர், சாந்தோமில் வாழ்ந்தவர். பேட்டரி செய்கிற கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வரைந்தவர். கம்பெனி வேலையும் படமும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள். கண்ணில் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற நோய். ஓரங்களில் தொடங்கிப் பார்வை உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டே வரும். 1972-ல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமா தோளுக்குக் கீழே செயலிழந்துபோனார். 2008-ல் அவர் இறக்கும் வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டதும் வரைந்ததும் இந்த மனுஷர்தான். சிறுவயது மதுரையைப் பேனாவால் கட்டியெழுப்பினார். கோபுரம், தெப்பக்குளம், தெரு, யானைமலை. ஒரு கோபுரத்தை முழுசாக ஒரே பார்வையில் பிடிக்க முடியாமல்போன கண் அது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு கோபுரத்தையும் தெருவையும் வானத்தையும் ஒரே பெர்ஸ்பெக்டிவில் நிறுத்தினார். டிராயிங் போர்டில் காலம் தள்ளின எனக்கு, இது எவ்வளவு பெரிய காரியம் என்று விரல் நுனியில் தெரியும். மறையும் புள்ளியை எங்கே வைத்தோம் என்பதைக் கண் மறந்தாலும் கை மறக்கக்கூடாது.

அவருக்கு எல்லையைத் தண்ணீரோ பத்திரிகையோ போடவில்லை, கண் போட்டது. அதற்குள் முடித்தார். 1997-ல் ஒரு நாவல், 2007-ல் மதுரையைப் பற்றிய படப் புத்தகம், இடையிலும் பின்னாலும் இன்னும் சில. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பர் 7-ல் போனார். அவர் கோடுகளை பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்கேயும் அவசரம் இருக்காது. எனக்கு நல்ல கண் இருக்கிறது, காலம் இருக்கிறது, அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட மழைக்காலக் காலைகளில் அவரை நினைத்துக்கொண்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எல்லையே வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு. போலந்துக்காரர் ரோமன் ஓபால்கா 1965-ல் வார்சாவில் ஒரு கான்வாஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைத் தீட்டத் தொடங்கினார். கான்வாஸ் முடிந்தால் அடுத்தது, எண் விட்ட இடத்திலிருந்து. 2011-ல் அவர் இறந்தபோது 56,07,249-ல் நின்றது. மகா பிடிவாதம், வணங்குகிறேன். ஆனால் எனக்கு ஒத்துவராது. நாம் போன பிறகு நம் மேஜையை ஒழிக்கிறவர்களுக்கு எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியாமல் விட்டுப்போவது, பிள்ளைகள் தலையில் கடன் பத்திரத்தை வைத்துவிட்டுப் போவது மாதிரி. அவர் விஷயத்தில் எண்ணாவது இருந்தது. நம்மிடம் இருப்பது தேதி போடாத அட்டைக் கட்டுதான்.

என் மனசுக்கு நெருக்கமானவர் சைமன் ரோடியா. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஓடு பதிக்கிற தொழிலாளி. லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் என்ற பேட்டையில் 1921 முதல் 1954 வரைக்கும் தன் மனையில் தனியாகக் கோபுரங்கள் கட்டினார். முறுக்குக் கம்பி, கம்பி வலை, சிமெண்ட், உடைந்த ஓடு, பாட்டில் கண்ணாடி, சிப்பி. உயரமானது ஏறக்குறைய 30 மீட்டர். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது, ரிவெட் கிடையாது. எஸ்டேட்டில் இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். முடிந்ததும் மனையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆபத்தான கட்டடம், இடி என்றது நகராட்சி. அன்பர்கள் சேர்ந்து 1959-ல் ஒரு சோதனை வைத்தார்கள். சுமார் 4,500 கிலோ விசையில் இழுத்தார்கள். இழுத்த கருவி வளைந்தது, கோபுரம் நின்றது. ரோடியா அங்கே குடியிருக்கத் திரும்பவே இல்லை.

முழுசாக அவர் மாதிரி விட்டுப்போக எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் கையை எடுத்துவிட்ட பிறகு மற்றவர்கள்தான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நான்.

அப்படி இழுத்துப் பார்க்கிற வேலையைப் பாதியிலேயே சிலரிடம் கொடுத்திருந்தேன். டைட்டில் பிளாக்கில் ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் யாருடைய கையெழுத்து என்று நீங்கள் கேட்டதில்லை. அம்பத்தூர் ஏரியில் வீச்சு வலை போடுகிற பெரியவர் ஒருவருடையது அதில் பல ஷீட்டில் இருக்கிறது. ஷீட்டை அவர் முன்னால் விரித்தால் முதலில் படத்தைத் தலைகீழாகத் திருப்புவார். தண்ணீருக்குள் இருந்து கரையைப் பார்த்தே பழகினவர் அவர். ‘இந்தப் பக்கம் ஆழம் ஜாஸ்தி சார், நீ தட்டையா போட்டிருக்கே. ஜிலேபி மீன் எல்லாம் இங்கதான் ஒதுங்கும்.’ கரைக்கு மேலே உட்கார்ந்து எனக்கு எப்படித் தெரியும்? நிழல் போடும் கோட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் நெருக்கி, அவரிடம் கையெழுத்து வாங்குவேன். ஆவடியில் ஒரு அம்மா மாடு மேய்க்கிறவர். வரத்துக்கால் எந்த இடத்தில் கல்வெர்ட்டுக்குள் புகுந்து காணாமல் போகிறது என்று நடந்து காட்டினது அவர்தான்.

இப்போது எக்ஸிபிஷன். கேலரியில் ஃபிரேம் போட்டு மாட்டினால் ஒரு வாரம் விளக்கு எரியும், நீங்களெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். ஷாப்புக்குப் போகாத ஷீட் இஷ்யூ ஆன ஷீட் இல்லை. ஏரிக்கு ஷாப் எது என்று ரொம்ப நாள் யோசித்தேன். கரையைச் சுற்றியே இருக்கிறது அது. அதனால் ஒரிஜினல்களை பீரோவில் படுக்கையாக வைத்துவிட்டு, நல்ல காகிதத்தில் நகல் எடுத்து, அந்தந்த ஏரிக்கு அந்தந்த செட்டைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கும் ஒரு அரசுப் பள்ளிக்கும் கொடுக்கப் போகிறேன். கலங்கலுக்குப் படி எத்தனை, மதகு எந்த இடத்தில் இருந்தது, வரத்துக்கால் எந்தப் பக்கம் என்று ஸ்கேலோடு இருக்கிறது. மனு எழுதுகிறவர்களுக்கு உதவினால் சந்தோஷம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தெருவுக்குள் தண்ணீர் நின்றதே, எஸ்டேட் பட்டறைகளுக்குள் மெஷின் மூழ்கினதே. தண்ணீர் எந்த வழியாகப் போக நினைத்தது என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். சில ஷீட்டில் பதில் இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் கலர் அடித்து விளையாடினாலும் எனக்குச் சம்மதம், நகல்தானே.

‘அடுத்து என்ன?’ ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை. விடியும் முன்னால் முழிப்பு வந்துவிடுகிறது, கை மேஜையில் பேனாவைத் தேடுகிறது. வீட்டுக்காரம்மா ‘கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க’ என்று அனுப்புகிறார். இதுவரைக்கும் ஏரி பேரைச் சொல்லித் தப்பித்து வந்த வேலைகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கரைக்குப் போனால் இன்னும் அளவெடுக்காமல் பார்க்க வரவில்லை. முக்குளிப்பான் ஒன்று முங்கினால் எங்கே எழும்பும் என்று பார்ப்பதற்கு முன்னால் அதற்கு எத்தனை மில்லிமீட்டர் காகிதம் ஒதுக்குவது என்று மனசு கணக்குப் போடுகிறது. இந்தச் சும்மா இருக்கும் காலத்தை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. இதற்கும் கொஞ்ச காலம் ஆகும் போலிருக்கிறது, ஆகட்டும். அடுத்த திட்டத்தை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொன்னால், எனக்கு அதில் உடன்பாடில்லை என்று மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

சில நடைமுறை விஷயங்கள். ராட்ரிங் பேனாக்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 0.2 நிப் மட்டும் அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள், ஊசியை வெளியே இழுக்காதீர்கள், வளைந்தால் பேனா போச்சு. ஸ்டூல் இரண்டையும் குழுவுக்கே கொடுத்துவிட்டேன். பருத்திப்பட்டில் நடைபாதையை மறித்து உட்காராதீர்கள், காலையில் நடக்கிறவர்கள் முனகுகிறார்கள், நியாயம்தான். செம்பரம்பாக்கத்தில் மதகுப் பக்கம் வரைவதானால் அங்கே இருக்கிற பணியாளர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பட்டியலைத் தொடர நினைக்கிறவர்கள் தொடரலாம். என் ஷீட்டை நான் திருத்த மாட்டேன், அது போய்விட்டது. ஆட்டோ ஓட்டும் தம்பி போன வாரம் ரெட்டேரி ஷீட்டைப் பார்த்துவிட்டு, ‘மெட்ரோ வேலை வந்த பிறகு இப்படி இல்லையே சார்’ என்றார். சரிதான். தம்பி, நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தூணோ கிரேனோ, எது புதுசோ அதை வரைந்து, பக்கத்தில் முக்கோணம் போட்டு, ‘ஏ’ எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போடுங்கள். சரிபார்த்தவர் கையெழுத்துக்கு என்னிடம் வராதீர்கள். ரெட்டேரிக் கரையில் யாருக்குத் தண்ணீர் தெரியுமோ அவரிடம் போங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய டிராஃப்ட்ஸ்மேன்
அம்பத்தூர்